மறியற்சாலையும் மருந்துச்சாலையும்

1841 ஆம் ஆண்டிலே இலங்கையில் இரு காரியங்கள் நிகழ்ந்தன. கொழும்பு வெலிக்கடையில் பெரிய சிறைச்சாலை கட்டப்பட்டது. கூலிக்கு வேலை செய்ய உடன்பட்ட ஒருவன் அவ்வுடன்பாட்டை மீறினால் அவனைச் சிறையில் அடைக்கலாம் என்று விதித்த சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. ஒன்றை எண்ணித்தான் மற்றொன்று பிறந்தது என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டும் ஒரே காலத்தின் பிள்ளைகள். கண்டி மலைகளில் காடழித்துக் கோப்பி நட்டுக்கொண்டிருந்த காலம் அது. கோப்பிக்கு ஆள் வேண்டும். வந்த ஆள் ஓடிப்போகாதிருக்கச் சட்டம் வேண்டும். சட்டம் பலிப்பதற்குச் சிறை வேண்டும். தோட்டப் பொருளாதாரம் மலையேறியபோது ஏர், மண்வெட்டிகளோடு விலங்கும் சேர்ந்தே ஏறியது.

இந்தப் பழங்கதையை இன்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. சிறைச்சாலை வைத்தியப் பணியிலே சிறப்புத் தேர்ச்சி பெற விரும்பும் தாதியருக்குப் பட்டப்பின்படிப்புப் புலமைப்பரிசில் வழங்க வேண்டும் என்று நாம் சொல்லும்பொழுது, கேட்பவர் முகத்தில் வியப்பும் சிறிது எரிச்சலும் தோன்றுகின்றன. குற்றமேதும் செய்யாத ஏழைக்கே மருந்து கிடையாத நாட்டில், கைதிக்குப் பட்டம் பெற்ற தாதியா என்று வினவுகிறார்கள். இக்கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்குவது முறையன்று. பசித்தவர்கள் வரிசையில் யார் முன்னே நிற்பது என்ற கேள்வி அது. ஆனால் அதற்குள்ளே ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கிறது: குற்றமற்ற ஏழை வேறு, சிறையில் இருப்பவன் வேறு என்ற நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் சரித்திரம் நமக்குக் காட்டும்.

நோயா, குற்றமா?

ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886 இல். அதற்குப் பல்லாண்டு முன்னரே பதுளை, அப்புத்தளை, மடுல்சீமை மலைச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாகிவிட்டன. கோப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோய் 1869 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேதான். கோப்பி வீழ்ந்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். செடி மாறியது, முதலாளி மாறினார். உழைப்பவரைக் கட்டி வைத்த கயிறு மட்டும் மாறவில்லை.

அந்தக் கயிற்றின் பெயர் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வேலைக்கு வராதிருத்தல், கட்டளைக்குப் பணியாமை, மரியாதைக் குறைவாக நடத்தல், அறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டு நீங்குதல் ஆகிய யாவும் அதன்படி குற்றங்கள். மூன்று மாதம் வரை மறியற் தண்டனை உண்டு. சாதாரண நாகரிக நாட்டில் இவை தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பிணக்குகள். சம்பளத்தைக் கழித்தோ, வேலையிலிருந்து நிறுத்தியோ தீர்ப்பவை. தோட்ட நாட்டில் அவை கள்வனையும் கொலைஞனையும் அடைக்கும் அதே கதவுக்குள் மனிதனைத் தள்ளின.

நியாயமான காரணமின்றி வேலைக்கு வராவிட்டால் என்றுதான் சட்டம் சொல்லிற்று. நோய் நியாயமான காரணமே. ஆனால் நோய் என்று சொல்பவர் யார்? காலைப் பெரட்டிலே பெயர் கூப்பிடும்போது ஒருவன் இல்லை என்றால், அவன் லயத்தில் காய்ச்சலோடு கிடக்கிறானா, சோம்பிக் கிடக்கிறானா என்பதைத் தீர்மானிப்பவர் கங்காணி. அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை. அவருக்கும் மேலே துரை. நாடியைத் தொட்டுப் பார்க்கக் கற்றவர் அவர்களில் ஒருவருமில்லை. அவன் கூலியால் வாழ்பவர்களே அவன் உடம்புக்கும் சாட்சிகள். இதுதான் ஊவாச் சிறைகளின் வாசற்படி. அந்தப் படியிலே ஒரு தாதி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

சட்டத்தோடு கடனும் சேர்ந்தது. இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி, வழிச்செலவு என்றும் முன்பணம் என்றும் எழுதிய தொகை தொழிலாளியின் தலையில் ஏறியது. அவன் தோட்டம் மாற விரும்பினால் அக்கடனைக் குறித்த “துண்டு” என்னும் சீட்டு வேண்டும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். ஆக, தொழிலாளியைப் பற்றி மூன்று ஏடுகள் எழுதப்பட்டன: கங்காணியின் கடனேடு, தோட்டத்தின் பெரட்டேடு, நீதிமன்றத்தின் வழக்கேடு. அவனது உடம்பைப் பற்றிய ஏடு ஒன்றுமில்லை.

மருந்துச் சட்டங்கள்

அரசாங்கம் மருந்தைப் பற்றி எண்ணவே இல்லை என்று கூறினால் அது தவறு. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்தவர்கள் வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியெங்கும் மடிந்த செய்தி கடல் கடந்தும் பேசப்பட்டது. 1870 இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1872 இல் தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1880 இல் மற்றொன்று. 1912 இல் இன்னும் இரண்டு. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. தோட்டத்தில் மருந்துச்சாலையும் மருந்துக்காரரும் தோன்றினர். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடமை துரைமீது சுமத்தப்பட்டது.

இவை நன்மைகளே. ஆனால் இச்சட்டங்களைச் சுற்றி எழுந்த விவாதங்களைப் பார்த்தால், செலவு யாருடையது என்ற பேச்சே அங்கு ஓங்கி ஒலிக்கிறது. அரசாங்கம் தோட்டத்தைக் காட்டிற்று. தோட்டம் அரசாங்கத்தைக் காட்டிற்று. நடுவிலே பாயில் கிடந்தவன் இருவருக்கும் ஒரு கணக்கு மட்டுமே. உழைக்கும் கை பழுதுபட்டால் அதைச் செப்பனிட வேண்டும் என்ற அளவிலேதான் வைத்தியம் நின்றது. ஓடிப்போன கையை மீட்பதற்கு மறியற்சாலை; ஓய்ந்துபோன கையை மீட்பதற்கு மருந்துச்சாலை. இரண்டும் ஒரே எசமானுக்கு ஊழியம் செய்தன.

இதற்கு ஓர் உதாரணம் போதும். 1916 இல் அமெரிக்காவின் றொக்பெலர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். மிகப் பெரும்பாலான தொழிலாளரின் குடலில் அப்புழு இருந்தது. கழிப்பிடமில்லாத லயங்களைச் சுற்றிய ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடற்சுவரைக் கவ்வி, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடிப்பது அது. இரத்தம் குறைந்தவனுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், மலையேற முடியாது, விடியும் முன் எழுந்திருக்க மனம் வராது. இவ்வடையாளங்களையெல்லாம் துரைமாரின் உலகம் முன்னரே அறிந்திருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் “சோம்பல்”.

இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். 1841 முதல் 1916 வரை 75 ஆண்டுகள். சோகை பிடித்த ஒருவன் வேலைக்கு வராமல் கிடந்ததைச் சட்டம் கடமை தவறல் என்று வாசித்தது. அதே உடம்பை வேறு கண்ணால் வாசித்தபோது அது நோய் என்று தெரிந்தது. அவ்வாறு தவறாக வாசிக்கப்பட்டுச் சிறைப்பட்டவர் எத்தனை பேர் என்று எந்த ஏடும் நமக்குச் சொல்லாது. எழுதுபவர் கண்ணுக்கே அது புலப்படவில்லை அல்லவா? குற்றத்துக்கும் நோய்க்கும் இடையிலுள்ள கோட்டைப் பயிற்சி பெற்ற கண்ணன்றி வேறெதுவும் காணாது. சிறைத் தாதியின் தொழிற்பெருமை இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

கதவைத் தட்டியவர்கள்

தண்டனைப் பிரிவுகள் தாமாக உதிர்ந்துவிடவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தொடங்கி, கூலி உடன்பாட்டை மீறியவனைச் சிறையிடும் கொடுமைக்கு எதிராக வாதாடினார். இந்தியாவிலும் கண்டனம் வலுத்தது. 1920 களின் தொடக்கத்திலே துண்டு முறையும் தண்டனைப் பிரிவுகளும் நீக்கப்பட்டன. கோ. நடேசய்யர் தோட்டம் தோட்டமாகச் சென்று எழுத்தாலும் பேச்சாலும் தொழிலாளரை விழிக்கச் செய்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாலே அந்தப் பணியைச் செய்தார்.

சட்டம் போனாலும் சிறையின் நிழல் போகவில்லை. 1940 மே மாதத்தில் பதுளைப் பகுதியிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அடக்க வந்த ஆயுதப் பொலீசாரின் ஆயுதங்களைப் பறித்துவிட்டனர். மலைநாடெங்கும் பரவிய அந்த எழுச்சி அடக்குமுறையால் நசுக்கப்பட்டது. அடுத்த மாதமே லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் கைதுசெய்யப்பட்டனர். தலைவர்களின் சிறைவாசம் சரித்திரத்தில் இடம்பெற்றது. அவர்கள் 1942 இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பிய கதையை நம் மாணவர்கள் ஆவலோடு படிக்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் தடியடிபட்ட பெயரறியாத தொழிலாளியின் காயத்துக்கு யார் மருந்திட்டார் என்பதை யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை. முற்போக்காளராகிய நாம் சிறையை வீரத்தின் களமாகப் பாடியிருக்கிறோம். நோயாளி படுத்திருக்கும் இடமாக அதைக் கண்டது குறைவு.

தாதியின் பிறப்பு

தாதித் தொழிலின் மூலத்தைத் தேடிச் சென்றாலும் நாம் ஒரு சிறைக்குத்தான் போய்ச் சேருகிறோம். ஆங்கில நாட்டில் ஜோன் ஹவார்ட் சிறை சிறையாகச் சென்று கண்டதை 1777 இல் நூலாக வெளியிட்டார். சிறைக் காய்ச்சல் என்று அக்காலத்தார் அஞ்சிய கொள்ளைநோய் தூக்குமரத்தைவிட அதிகம் பேரைக் கொல்கிறது என்று அவர் காட்டினார். அந்நோய் சுவருக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 1750 இல் லண்டன் நீதிமன்றம் ஒன்றுக்குக் கைதிகளைக் கொணர்ந்தபோது அவர்களோடு காய்ச்சலும் வந்து, நகர முதல்வரையும் நீதிபதிகளையும் பலி கொண்டது. கைதியின் மூச்சும் நீதிபதியின் மூச்சும் ஒரே காற்று என்பதை அரசு இவ்வாறுதான் கற்றது.

நியூகேற் சிறையில் பெண்களும் குழந்தைகளும் கிடந்த நிலையை 1813 இல் கண்டு நெஞ்சு பதைத்த எலிசபெத் பிரை அம்மையார், 1840 இல் தாதியரைப் பயிற்றும் ஒரு நிலையத்தை நிறுவினார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் தமது தாதியர் பள்ளியைத் தொடங்கியது அதற்கு 20 ஆண்டுகள் பின்னர், 1860 இல். தாதிக் கல்வியின் தொடக்கத்திலேயே சிறைச்சாலையின் நினைவு கலந்திருக்கிறது. பின்னர் அது மறக்கப்பட்டது.

இலங்கையிலும் 1877 ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் கைதிகளுக்கு வைத்திய அதிகாரியை விதித்தது. வெலிக்கடையில் சிறைச்சாலை வைத்தியசாலையும் உண்டு. ஆனால் மாகாணச் சிறைகளின் நோயாளி பெரும்பாலும் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியையே நம்பியிருக்க வேண்டியவன். காவலர் கிடைத்தால் போகலாம். வண்டி கிடைத்தால் போகலாம். வலியின் நேரத்தை வலியே தீர்மானிக்க முடியாத இடம் அது.

இன்னொரு புறத்தில், தாதியாகக்கூடியவர் யார் என்பதையும் அரசியலே தீர்மானித்தது. 1947 பொதுத் தேர்தலில் பதுளை எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; மலைநாட்டு மக்கள் தம் வாக்கால் 7 உறுப்பினரை அனுப்பிய தேர்தல் அது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. நாடற்றவள் மகள் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாது. தாதி உத்தியோகமும் அரசாங்க உத்தியோகமே. இந்த அநீதி சட்டத்தளவில் முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் திறந்த கதவைப் பள்ளிக்கூடம் அடைத்தது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உயர்தர வகுப்பு எத்தனையில் உண்டு, உள்ளவற்றில் ஆசிரியர் எத்தனை பேர் நிலைத்து நிற்கிறார்கள் என்பதை இவ்வேட்டைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் என்னைவிட நன்கறிவர். ஆகவே பதுளையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை இருந்தும், சுற்றிலும் உள்ள மலைகளின் மகளிர் அதற்குள் நுழைவது அரிதாயிற்று. தமிழ் மட்டும் பேசும் நோயாளி ஒருபுறம், தமிழறியாத வைத்தியப் பணியாளர் ஒருபுறம். வலி என்ற சொல்லுக்குக்கூட மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நிலை சாதாரண ஆஸ்பத்திரியிலேயே உண்டு என்றால், சிறைக்குள் எப்படி இருக்கும்?

சுவருக்குள் இன்று

இன்றைய சிறைக்குள் இருப்பவர் யார்? இலங்கையின் சிறைகள் தம் கொள்ளளவைப் போல் இருமடங்குக்கு மேல் மனிதரை அடக்கியிருக்கின்றன. அவர்களில் பெருந்தொகையினர் தீர்ப்பே பெறாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்று உள்ளே வருபவரிலும் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட இயலாமையால் வருபவர்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று விதிக்கப்பட்டது 2021 இல்தான். அதுவும் போதிய நாள் வேலையும் போதிய கொழுந்தும் இருந்தாலே முழுமையாகக் கைக்கு வரும். அப்படிப்பட்டவனுக்குச் சில ஆயிரம் ரூபாத் தண்டம் பல நாள் உழைப்பு. பணமுள்ளவன் தண்டத்தைக் கட்டிவிட்டு வீடு போகிறான். இல்லாதவன் உடம்பால் கட்டுகிறான். 1865 ஆம் ஆண்டுச் சட்டம் கல்லறைக்குப் போய்விட்டது; அதன் ஆவி தண்டப்பணச் சீட்டிலே குடியிருக்கிறது.

இந்நிலையில் குற்றமற்ற ஏழைக்கும் கைதிக்கும் இடையே நாம் போட்ட கோடு எங்கே நிற்கிறது? நேற்று லயத்திலிருந்தவனே இன்று பதுளைச் சிறையில் இருக்கிறான். நாளை மீண்டும் லயத்துக்கு வருவான். சயரோகக் கிருமியும் சொறியும் அவனோடு போய்வரும். நீரிழிவுக்காரன் ஊசி தவறுவான். கசிப்புக்கு அடிமையானவன் திடீரென அது இல்லாதபோது நடுங்கி, பிதற்றி, உயிரையும் விடக்கூடும். அறியாதவர் கண்ணுக்கு அது குழப்பம் செய்தல். மனநோயாளி மௌனமாக மூலையில் அமர்ந்திருப்பான். அறியாதவர் கண்ணுக்கு அவன் நல்ல கைதி. கொக்கிப்புழுவைச் சோம்பல் என்று வாசித்த பழைய தவறு வேறு வேறு உருவில் தினமும் நடக்க இடமுண்டு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு நெரிசலையும் வைத்தியப் பணியாளர் பற்றாக்குறையையும் தமிழ்க் கைதிகளின் மொழித்தடையையும் பதிவு செய்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில், கொள்ளைநோயின் அச்சத்தால் கொந்தளித்த மகர சிறையில் 11 கைதிகள் உயிரிழந்தனர். நோய் பற்றிய பயம் மரணமாக முடிந்த நிகழ்ச்சி அது.

ஊவாவுக்கு இதனினும் கொடிய நினைவு ஒன்றுண்டு. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ என்னும் இடத்தில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. புலிகளோடு தொடர்புடையவரென ஐயுற்றுப் பிடிக்கப்பட்டவர்களும் சரணடைந்தவர்களுமான தமிழ் இளைஞர் அங்கே அரசாங்கத்தின் காவலில் இருந்தனர். சிறுவரும் அவர்களில் இருந்தனர். 2000 அக்டோபர் 25 காலையில் கத்தியும் பொல்லும் தாங்கிய கூட்டம் முகாமுக்குள் புகுந்து 27 பேரைக் கொன்றது. பொலீசார் அங்கே இருந்தனர், கொலை தடுக்கப்படவில்லை. காயத்தோடு தப்பியோர் 14 பேர். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. 2003 இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 க்குள் மேல்முறையீட்டின் வழியே அனைவரும் விடுதலையாயினர். 1983 ஜூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருப்போர், அரசின் காவல் என்ற சொல்லின் பொருளை இரண்டாம் முறையும் கற்றார்கள்.

தாதி ஒருத்தி இருந்திருந்தால் அக்கூட்டத்தை நிறுத்தியிருப்பாளா? மாட்டாள். அவ்வாறு கூறுவது இறந்தவர்களை அவமதிப்பதாகும். ஆனால் ஒன்றை நாம் எண்ண வேண்டும். அடைபட்டவனின் உடம்பிலுள்ள ஒவ்வொரு காயமும் ஒரு சாட்சியம். அதைக் கண்ட நாள், நேரம், அளவு, ஆழம் ஆகியவற்றை அஞ்சாமல் எழுதுபவர் ஒருவர் வேண்டும். 1975 இல் சிங்கப்பூரில் கூடிய சர்வதேசத் தாதியர் பேரவை இதையே தாதியின் கடமையாக்கியது: தடுத்து வைக்கப்பட்டவர் வதைக்கப்படுவதை அறிந்த தாதி அதை உரியவரிடம் அறிவிக்க வேண்டும். இந்தக் கடமையைச் செய்யத் துணிவு மட்டும் போதாது. அறிவும் சட்டப் பயிற்சியும் பதவியின் பாதுகாப்பும் வேண்டும். இவற்றைத் தருவதே பட்டப்பின்படிப்பு.

என்ன கேட்கிறோம்?

உலகம் இத்திசையில் நடந்திருக்கிறது. 1955 இல் ஐக்கிய நாடுகளின் ஜெனீவா மாநாடு கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. 2015 இல் அவை திருத்தப்பட்டு நெல்சன் மண்டேலாவின் பெயரைப் பெற்றன. வெளியிலுள்ளவர் பெறும் அதே தரத்து வைத்தியம் கைதிக்கும் உரியது, அது அரசின் பொறுப்பு, வைத்தியத் தீர்மானத்தில் சிறை அதிகாரி தலையிடலாகாது என்பன அவ்விதிகளின் சாரம். நோர்வே 1988 இலேயே சிறை வைத்தியத்தைப் பொதுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்து 2006 இல் அதை நிறைவு செய்தது.

நம் நாட்டுக்கும் புலமைப்பரிசில் புதிதன்று. 1950 இல் கொழும்பு நகரிலேயே உருவான கொழும்புத் திட்டம் ஆசிய நாட்டு மாணவரையும் உத்தியோகத்தரையும் மேற்படிப்புக்கு அனுப்பியது. நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியருக்கென்றே பயிற்சி தொடங்கியதும் அந்தப் பத்தாண்டிலேதான். குழந்தையின் பல்லுக்கு ஒரு தனித் தாதியை உருவாக்க முடிந்த நாடு, சிறைப்பட்டவனின் உயிருக்கு ஒரு தனித் தாதியை உருவாக்க முடியாதா? 1994 இல் திறந்த பல்கலைக்கழகம் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. அடிப்படை உண்டு; அதன்மேல் கட்ட வேண்டிய மாடியைத்தான் கேட்கிறோம்.

அந்தப் புலமைப்பரிசில் எப்படி அமைய வேண்டும்? முதலாவது, அது சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். சாவிக்கொத்தை வைத்திருப்பவரிடம் சம்பளம் வாங்கும் தாதி, சாவிக்கொத்துக்கு எதிராக எழுதத் தயங்குவாள். இரண்டாவது, தமிழும் சிங்களமும் அறிந்திருத்தல் அதன் நிபந்தனையாக வேண்டும். அறியாதவருக்கு அதைக் கற்பித்தல் படிப்பின் பகுதியாக வேண்டும். மூன்றாவது, ஊவா, மத்திய மாகாணத் தோட்டக் குடும்பங்களிலிருந்து வரும் தாதியருக்கு அதில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். இதைச் சலுகை என்பவர்கள் 1948 ஐ மறந்தவர்கள். நான்காவது, படித்தவர் திரும்பிவந்து பதுளை போன்ற மாகாணச் சிறையிலும், தல்தெனவிலுள்ள இளங்குற்றவாளிகளின் சீர்திருத்த நிலையத்திலும் குறிப்பிட்ட ஆண்டுகள் பணிபுரிய வேண்டும். அங்கே மற்றத் தாதியருக்கும் காவலருக்கும் கற்பிக்க வேண்டும். ஒருவர் கற்றது நூறு பேருக்குப் போய்ச் சேர்ந்தாலன்றி அது அவர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து மட்டுமே.

படிப்பின் பொருளும் தெளிவு. உள்ளே வரும் முதல் நாளில் ஒவ்வொருவரையும் பரிசோதிக்கும் முறை, சயரோகத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், போதை விடுபடும் நாட்களின் ஆபத்து, தற்கொலையின் முன்னறிகுறி, கருவுற்ற பெண்ணும் தாயோடு வந்த குழந்தையும், காயத்தை எழுதும் முறை, விடுதலையாகிறவனை அவன் தோட்டத்து மருந்துச்சாலையோடு இணைக்கும் சீட்டு. அன்று துண்டு என்ற சீட்டு அவனைக் கடனோடு கட்டியது. இந்தச் சீட்டு அவனை வைத்தியத்தோடு இணைக்கட்டும்.

தாதியர் பற்றாக்குறையால் ஆஸ்பத்திரிகளே திணறும்போது சிறைக்கு அனுப்ப ஆளேது என்ற தடை ஒன்று எஞ்சியிருக்கிறது. பலர் கடல் கடந்து போவதும் உண்மை. அதனாலேயே தொகை சிறிதாயிருப்பினும் நிலையாயிருக்க வேண்டும் என்கிறோம். மேற்படிப்புக்கும் மதிப்புக்கும் வழியில்லாத தொழிலை விட்டே மனிதர் ஓடுகிறார்கள். வழி காட்டும் தொழிலில் நிற்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். தண்டம் கட்டமுடியாத ஏழையைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டே, அங்கே படித்த தாதி இருக்கிறாள் என்று அரசு பெருமைப்படுமானால் நாம் ஏமாந்தவர்களாவோம். 1872 இல் மருந்துச் சட்டம் வந்த பின்னரும் 1865 இன் மறியற் சட்டம் அரை நூற்றாண்டு வாழ்ந்ததை நாம் கண்டோம். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்: சிறைக்குப் போகத் தேவையில்லாதவன் போகாதிருக்கட்டும், போனவன் மனிதனாகப் பார்க்கப்படட்டும்.

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்யக்கூடியது உண்டு. தோட்டப் பாடசாலையில் உயிரியல் படிக்கும் ஒரு சிறுமிக்கு, வைத்தியர், பொறியியலாளர் என்ற இரு சொற்களுக்கு அப்பால் இப்படியும் ஒரு தொழிலுண்டு என்று சொல்லுங்கள். அவளுடைய பாட்டன் பெரட்டேட்டில் ஒரு பெயராகவும் கடனேட்டில் ஒரு தொகையாகவும் இருந்தவன். அவனது உடம்பைப் பற்றி எழுதும் ஏடு அன்று இல்லை. அந்த ஏட்டைத் திறந்து, நாளும் நேரமும் இட்டு, தமிழிலே கேட்டு, தன் கையெழுத்தால் எழுதுபவளாக அவள் பதுளைச் சிறையின் வாசலுக்குள் ஒரு நாள் நடந்து செல்ல வேண்டும். அதற்கான செலவை யாரும் தருமக் கணக்கில் எழுதவேண்டாம். பழைய கடன்; வட்டியோடு நிற்கிறது.